இரண்டு நாடு, ஒரு மாடிப்படி

"ரெண்டு நாடு! நடுவுல வேலி! அரபுக்காரன் அந்தப் பக்கம், நாம இந்தப் பக்கம். தலைவலி விட்டுது!"

இஸ்ரேலின் ஹைஃபா நகரில் அந்தக் கட்டடத்துக்குள் நானும் என் மனைவி ரீமும் நுழைந்தபோது இப்படி ஒரு கத்தல். கத்தியவர் கீழ்வீட்டு சாசோன். தலையில் யூதக் குல்லா.

"நீ திருந்தவே மாட்டே சாசோன். ஒரே நாடு, எல்லாருக்கும் சமமா ஓட்டு. அவங்களும் நாமளும் பக்கத்துப் பக்கத்து வீடு. அதான் தீர்வு!" என்றார் மாடியில் நின்றவர்.

"போய்யா வாத்தியாரே, நீயும் உன் தீர்வும்!"

"இந்த ஆள் கீழேயா? வேண்டாம் ரீம், போயிடலாம்" என்றேன்.

"நமக்கு வீடு தரப்போறவர் மேலே இருக்கிறவர்தானே? நல்ல மனுஷனாத் தெரியுது. வா."

ஏழு மாத வயிறு அவளுக்கு. மாதக் கடைசிக்குள் இருக்கும் வீட்டைக் காலி செய்தாக வேண்டும். வீடு தேடி அலைந்ததில் கால் வேறு வீங்கிக் கிடந்தது.

வாத்தியார் கியோரா காபி கொடுத்தார். அப்புறம்தான் பேர் கேட்டார்.

"நான் அனீஸ். இவ ரீம்."

அரபுப் பேர்கள் என்றதும் அவர் முகம் மாறிவிட்டது. "அடடா, சொல்ல மறந்துட்டேனே. காலையிலதான் வேற ஒருத்தருக்குக் கொடுத்தேன்."

"இப்பத்தானே போன்ல வாங்கன்னீங்க?" என்றாள் ரீம்.

"எனக்கு ஒண்ணுமில்லம்மா. கீழே இருக்கானே, அவன் உங்களை நிம்மதியா இருக்க விடமாட்டான். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

இறங்கி வந்தோம். சாசோன் வாசலிலேயே நின்றார்.

"என்ன, முடிஞ்சுதா?"

"வேற யாருக்கோ கொடுத்துட்டாராம்."

"எவனுக்கு? மூணு மாசமா பூட்டித்தானே கிடக்கு! உங்களுக்கு எந்த ஊரு?"

"நாசரேத்" என்றேன். அரபுக்காரர்கள் நிறைந்த ஊர்.

"அதானே பார்த்தேன்!" விருட்டென்று உள்ளே போய்விட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ரீம் கையைப் பிடித்து இழுத்தேன்.

அதற்குள் சாவியும் திருப்புளியுமாக வந்தவர், நேராகத் தன் வீட்டுக்கு எதிரே இருந்த வீட்டு வாசலுக்குப் போனார். யூதர்கள் நிலைக்காலில் பதித்துவைக்கும் வேத வசனச் சிமிழைக் கழற்றி, முத்தமிட்டு, சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"யூதன் குடியிருக்கிற வீட்டுலதான் இது இருக்கணும். எங்கம்மா இருந்த வீடு, இப்ப காலியாத்தான் கிடக்கு. போய்ப் பாருங்க, தண்ணி நல்லா வரும்."

ரீம் நகரவில்லை. "நாம ஒண்ணா இருக்கக் கூடாதுன்னு கத்தினீங்களே?"

"இப்பவும் அதையேதான் சொல்றேன். தலைவனுங்க உட்கார்ந்து பேசி நாட்டைப் பிரிக்கட்டும். அதுவரைக்கும் இந்த வயித்தை வச்சுக்கிட்டு நீ எங்கேம்மா படுப்பே?"