சொல்லிக் கொடுத்த பதில்

மேசைக்கு அடியில் மாமனார் காலை மிதித்தார். மருமகன் அசரவில்லை.

"ஒரு மாசத்துல பைகளைத் தர முடியாது. ரெண்டு மாசம் வேணும்," என்று எதிரே இருந்த வெளிநாட்டுக்காரரின் கண்ணைப் பார்த்து, ஆங்கிலத்தில் சொல்லிவிட்டான்.

மாமனாரின் தோல் பை கம்பெனி மூச்சுவிட ஓர் ஆர்டர் வேண்டும். உள்ளூர் மொத்த வியாபாரி ஒருவரும் கேட்டிருந்தார்; அவருக்கு இன்றே பதில் சொல்லியாக வேண்டும். இரண்டும் கை நழுவினால் ஷட்டரை இழுத்துவிட வேண்டியதுதான்.

மருமகனுக்கு டீச்சர் மேல் நம்பிக்கை. விடியற்காலையில், இங்கே வியாபாரம் செய்ய வரும் வெளிநாட்டு ஆட்களுக்கு ஆன்லைனில் பாடம் எடுத்துவிட்டு, கொட்டாவியோடுதான் இவனுக்கு ஆங்கிலம் சொல்லித்தர வருவார். இலக்கணத்தைவிட ஒன்றைத்தான் படித்துப் படித்துச் சொன்னார்.

"வெளிநாட்டுக்காரங்க மழுப்ப மாட்டாங்க. ஆமான்னா ஆமா, இல்லைன்னா இல்லை. நீங்களும் அப்படியே பேசுங்க."

வெளிநாட்டுக்காரர் தன் நோட்டை மூடினார். பிறகு சிரித்தார். தலையை மெல்ல ஆட்டினார்.

"ரொம்ப நல்லது. செஞ்சுடலாம். ஊருக்குப் போய்ப் போன் பண்றேன்."

அவர் கார் வாசலைத் தாண்டியதும் மாமனார் நாற்காலியில் பொத்தென்று விழுந்தார். "உயிரே போயிடுச்சு மாப்ளே! உங்க வாய்க்குச் சர்க்கரைதான் போடணும்."

"நேராப் பேசினா நேராப் பதில் வரும் மாமா. மொத்த வியாபாரிக்கு என்ன சொல்ல?"

"போன் போட்டு அதே மாதிரி நேராவே சொல்லிடுங்க. ரெண்டையும் தைக்க நமக்கு ஆள் ஏது?"

சொன்னான். "உங்க ஆர்டரை எடுக்க முடியாது சார். வேற ஆளைப் பாருங்க."

"இப்படி மூஞ்சியில அடிச்ச மாதிரியா சொல்லுவீங்க? இனிமே உங்க கம்பெனிப் பக்கம் தலைவெச்சும் படுக்க மாட்டேன்!" போன் துண்டிக்கப்பட்டது.

அடுத்து டீச்சரை அழைத்தான்.

"ஜெயிச்சுட்டோம் டீச்சர்!" ஒரு வார்த்தை விடாமல் ஒப்பித்தான்.

டீச்சர் மெல்லக் கேட்டார்.

"எந்தக் கம்பெனி ஆளு அவரு?"

சொன்னான்.

"சிரிச்சுக்கிட்டே தலையை ஆட்டினாரா? போன் பண்றேன்னாரா?"

"ஆமா. ஏன் டீச்சர், குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"இந்த ஊர்ல முகத்துக்கு நேரா முடியாதுன்னு சொல்லாதீங்க, இப்படிச் சொல்லிட்டுக் கிளம்பிடுங்கன்னு அவருக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான்."