பீங்கான் பல்லும் அக்கறையுள்ள நாக்கும்

ஒரு வாயில், பல வருஷமாகத் தாடையில் ஊன்றியிருந்த உலோகப் பல்லுக்குப் பக்கத்தில் ஒரு பீங்கான் பல்லைப் புதிதாக நட்டார்கள். மூன்று மாதத்துக்குள் தாடை எலும்பு அதை இறுக்கிப் பிடிக்க வேண்டும். பிடிக்காவிட்டால் டாக்டர் அதை எடுத்துவிடுவார்.

"ஊறுகாய் ஜாடிக்குச் சொந்தக்காரனா நீ?" என்று உலோகப் பல் கேலி செய்தது.

"ஆமாண்ணே, ஒண்ணுவிட்ட தம்பி" என்றது பீங்கான் பல்.

கேலியை அது பொறுத்துக்கொண்டது. நாக்கைத்தான் பொறுக்க முடியவில்லை. நாக்கு நிமிஷத்துக்கு ஒரு தரம் வந்து அதை முட்டித் தள்ளியது.

"என்னக்கா பண்றீங்க?"

"ஆடுறியான்னு பாக்குறேன் தம்பி. உன் மேல உள்ள அக்கறைதான்."

"இவ இப்படித் தள்ளிக்கிட்டே இருந்தா நான் எப்படிப் பிடிக்கிறது?" என்று கீழேயிருந்து தாடை முனகியது.

உலோகப் பல் அதைக் கேட்டது. "அக்கா, இங்க வாங்க. எனக்கு அந்தப் பக்க இடுக்குல ஒரு கொய்யா விதை மாட்டிக்கிச்சு" என்றது.

விதை எதுவும் இல்லை. ஆனாலும் நாக்கு அன்றுமுதல் அங்கேயே தேடிக்கொண்டிருந்தது. "இன்னும் உள்ள போயிருச்சுக்கா" என்று உலோகப் பல்லும் சலிக்காமல் சொல்லிவந்தது.

மூன்று மாதம் கழித்து டாக்டர் தட்டிப் பார்த்தார். பீங்கான் பல் அசையவில்லை. அன்று மாலையே அது முதல் முறுக்கைக் கடித்தது. நாக்கு ஒவ்வொரு பல்லாக மாவை வழித்துக்கொண்டு வந்தது. பீங்கான் பல்லையும் வழித்துவிட்டு, நிற்காமல் அடுத்ததற்குப் போனது.

"அக்கா உன்னை மறந்தே போயிட்டாங்கடா" என்றது உலோகப் பல்.

பீங்கான் பல் அடுத்த முறுக்குக்காகக் காத்திருந்தது.