அப்பாவுக்குத் தெரிந்த இரண்டு ரஷ்யச் சொற்கள்

அவர் மணிக்கட்டை அவள் இன்னும் விடவில்லை.

விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. கட்டிலடியில் காபி ஆறிக்கொண்டிருந்தது. எழுப்பப் போன அம்மாதான் கூப்பிட்டாள். "பாப்பா, அப்பாவ வந்து பாரு." சத்தமாகக்கூட இல்லை.

மணிக்கட்டு. பிறகு கழுத்தோரம். இமையைத் தூக்கி, செல்போன் வெளிச்சத்தில் கண்மணி.

உடம்பு சில்லிட்டிருந்தது. தாடை இறுகியிருந்தது.

ஆறு வருடம் படித்தது வரிசை தப்பாமல் ஞாபகத்துக்கு வந்தது. வராமலே இருந்திருக்கலாம்.

கடைசியாக ஸ்டெதாஸ்கோப்பை நெஞ்சில் வைத்தாள். வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது.

"திஷீத்தே."

ரஷ்ய மொழியில் மூச்சு விடுங்கள் என்று அர்த்தம். கிர்கிஸ்தானில், ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்கும் ஆஸ்பத்திரியில், நோயாளிகளிடம் தினம் தினம் சொன்ன சொல். மூச்சை அடக்கச் சொல்ல இன்னொன்று இருந்தது.

"நே திஷீத்தே."

லீவுக்கு வரும்போதெல்லாம் அப்பாவின் நெஞ்சில்தான் சொல்லிப் பழகுவாள்.

அவர் தையல்காரர். இடுப்பளவு எடுக்கும்போது வயிற்றை எக்கிக்கொள்ளும் ஆட்களிடம் "மூச்ச விடுங்கண்ணே, பேன்ட் பத்தாமப் போயிரும்" என்று நாளெல்லாம் சொல்கிறவர்.

"ஊருக்கே மூச்சு விடச் சொல்றவன் நானு. எனக்கே சொல்றியாக்கும்?"

இரண்டு சொல்லையும் கற்றுக்கொண்டு, வேண்டுமென்றே மாற்றிச் செய்வார். விடச் சொன்னால் கன்னத்தை உப்பிக்கொண்டு அடக்குவார். அடக்கச் சொன்னால் மேடேறும் லாரி மாதிரி புஸ் புஸ் என்று விடுவார். அவள் சிரித்து ஓயும்வரை விடமாட்டார்.

இப்போதும் அடக்கிக்கொண்டுதான் கிடந்தார்.

அவள் காத்திருந்தாள்.

கட்டிலைச் சுற்றி அம்மா, பெரியப்பா, அத்தை. ஒருவரும் அழவில்லை. யாராவது ஒருவர் சொல்லாமல் எப்படி அழுவது?

"பாத்துச் சொல்லுத்தா," என்றார் பெரியப்பா. "நீ சொன்னாத்தேன்..."



வெளிநாட்டில் படித்துவிட்டு வருகிறவர்களுக்கு இங்கே ஒரு பரீட்சை உண்டு. தேறினால்தான் டாக்டர். மூன்று தடவை எழுதியிருந்தாள். கடைசித் தடவை நான்கு மார்க்கில் போனது. சந்தேகமே இல்லை, சரிதான் என்று குறித்த விடைகளாகப் பார்த்துத் தப்பாகிவிடும்.

இதுவும் தப்பாக இருக்கட்டும்.

அப்படித்தான் நினைத்திருப்பாள், பாவம்.

"டாக்டரக் கூப்பிடுங்க," என்றாள்.

"நீதானடி டாக்டரு!" என்றாள் அத்தை.

அம்மாவுக்கு அது வேறு மாதிரி கேட்டது. டாக்டரைக் கூப்பிடச் சொன்னால் உயிர் இருக்கிறது என்றுதானே? அடுப்படிக்கு ஓடினாள். சுக்குப்பொடி டப்பாவோடு வந்தாள். அவர் கால் இரண்டையும் மடியில் தூக்கி வைத்துக்கொண்டு தேய்க்கத் தொடங்கினாள்.

"வந்துருவாக. டாக்டரு இந்தா வந்துருவாக."

இல்லையம்மா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

அவள் டப்பாவைத் திறந்து அம்மா பக்கம் நகர்த்தினாள்.

முக்கால் மணி நேரம் அம்மா தேய்த்தாள். வீடெல்லாம் சுக்கு வாசனை.

வந்தது பெனசீர்.

பன்னிரண்டாவது வரை இருவரும் ஒரே பெஞ்சு. பெனசீருக்கு மூன்று மார்க் கூடுதல். அந்த மூன்று மார்க்கில் அவளுக்கு அரசுக் கல்லூரி கிடைத்தது. இவள் விமானம் ஏறினாள்.

அப்பாதான் இருவருக்கும் வெள்ளைக் கோட்டு தைத்தார். ஒரே துணியில் வெட்டிய இரண்டு கோட்டு. ஒன்று இங்கே பீரோவில் மடித்தபடி இருக்கிறது. ஒன்றைப் போட்டுக்கொண்டு பெனசீர் வாசலில் செருப்பைக் கழற்றினாள்.

"கால் சூடாயிருச்சும்மா. தொட்டுப் பாரேன்," என்றாள் அம்மா.

பெனசீர் பாதத்தைத் தொட்டாள். சூடாகத்தான் இருந்தது.

முழங்காலைத் தொட்டாள்.

கையை எடுத்துக்கொண்டாள்.

நெஞ்சையும் கண்ணையும் பார்த்து முடித்ததும், தலையைத் தூக்காமலே தோழியிடம் கேட்டாள்.

"நீ எத்தன மணிக்குடி பாத்த?"

"ஆறே கால்."

பெனசீர் பெரியப்பாவைத் தனியே அழைத்து இரண்டு வார்த்தை சொன்னாள். சீட்டை எடுத்து எழுதினாள். அது இல்லாமல் மயானத்தில் வாங்கமாட்டார்கள். கையெழுத்துப் போட்டாள். முத்திரை குத்தினாள்.

பெரியப்பா துண்டை வாயில் அமுக்கிக்கொண்டார். அத்தை நெஞ்சில் அடித்துக்கொண்டு தரையில் விழுந்தாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் உள்ளே வரத் தொடங்கினார்கள்.

அம்மாவின் கை மட்டும் காலில் நின்றுபோயிருந்தது. அவள் பெனசீரைப் பார்க்கவில்லை. சீட்டையும் பார்க்கவில்லை.

மகளைப் பார்த்தாள்.

ஆறே காலுக்கே தெரியுமா?

கேட்கவில்லை. பார்த்தாள், அவ்வளவுதான்.

மகள் கட்டிலருகே மண்டியிட்டாள். ஸ்டெதாஸ்கோப்பை மறுபடி காதில் மாட்டிக்கொண்டாள். எங்கே வைக்கவேண்டுமோ அங்கே சரியாக வைத்தாள். குனிந்து, அப்பாவுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, இந்தத் தடவை அடக்கச் சொல்கிற மற்றதைச் சொன்னாள்.

"நே திஷீத்தே."

அழுகைச் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை.

கொஞ்சம் சும்மா இருங்கள் என்பதுபோல் எல்லோரையும் பார்த்து ஒரு கையை உயர்த்தினாள்.