முழுத் தமிழ் லயம்

மலாயாவில் காட்டுக் கம்யூனிஸ்டுகளை ஒடுக்க அவசரகாலச் சட்டம். சுங்கை ரம்பாய் தோட்டத்தில் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்கு முள்கம்பி போடுவதற்கு முன், அங்கிருந்த சீனர்களைப் அரசாங்கக் காவலில் இருந்த புதுக்கிராமத்துக்கு லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவர்களை அகற்றச் சொல்லி மனுக் கொடுத்தவன் சுப்பன்.

"காட்டுல இருக்கிறவனுக்கு அரிசி போறது ஆ செங் வீட்டுலேர்ந்துதான் கிராணி. ஒரு சீனனையும் மிச்சம் வைக்காதீங்க!"

"பொய் சொல்லாதய்யா!" அவன் மனைவி ஜெயமணி சீறினாள். "அவங்களுக்கே அரை வயித்துக் கஞ்சி. அவங்க கோடி வீடும் உனக்கு வேணும், அதானே?"

"வாயை மூடுலா! இது தமிழன் லயம்."

தோட்டத்து எழுத்தரான கிராணி பிச்சைமுத்து பிறப்புப் பத்திரங்களைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"இன்னும் ஒருத்தர் இருக்காங்க. ஜெயமணி. பெத்தவங்க சீனர்."

சுப்பன் பதறிப்போனான். "ஐயோ கிராணி! மூணு நாள் குழந்தையா வாங்கி எங்க அத்தை வேலாயி வளர்த்த பொண்ணு. சீனம் ஒரு வார்த்தை தெரியாது. இவ தமிழச்சி!"

"சரி, தமிழர்னே எழுதிடறேன்."

"எழுதாதீங்க."

ஜெயமணி ஆ செங்கின் கைக்குழந்தையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு லாரியில் ஏறினாள்.

"என்னைப் பக்கத்துல வச்சுக்கிட்டுத்தானே சீனன் சீனன்னு இவ்வளவு நேரம் கத்தின? இப்ப லயம் சுத்தமாயிடுச்சு. ரெண்டு வீட்டுலயும் நீயே படுத்துக்க!"