ஒரு வருடமாக யாரும் கேட்காத குரல்

தெருவிலுள்ள நாற்பது வீட்டாரும் கூடிப் பேசி எழுதவைத்த பகிர்வுச் செயலி அது. ஒருவருடைய கோப்பு எல்லார் போனிலும் துண்டுதுண்டாக இருக்கும். ஒரு வருடம் யாரும் திறக்காதது தானாக அழியட்டும் என்று யோசனை சொன்னதே ரெஜினாதான்.

அவள் கணவர் சேவியர், தான் வேலை பார்த்த கப்பலில் தீப்பிடித்த அன்று, சாவதற்குச் சற்றுமுன் அனுப்பிய குரல்பதிவும் அதில் இருந்தது. அவள் அதைத் திறக்கவே இல்லை. இன்று மாலை ஆறு மணிக்கு அழிந்துவிடும். போனை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு ஓடினாள்.

"நீ கேளு பியூலா. எனக்குத் தைரியம் இல்ல."

"சட்டம் போட்டது நீங்க, மாட்டிக்கிட்டது நானாக்கா?" என்று சிரித்தபடி பியூலா ஹெட்போனை மாட்டினாள். சிரிப்பு பாதியில் நின்றது. முழுவதும் கேட்டுவிட்டு, "அக்கா, இது அழிஞ்சே போயிருக்கலாம்," என்றாள்.

ரெஜினா போன் திரையைப் பார்த்தாள். பியூலா திறந்துவிட்டதால், இன்னும் ஒரு வருடத்துக்கு அது அழியாது.