மணிக்கு இரண்டு டிகிரி

“கையக் காட்டு” என்றான் சேது. லீலாவதி புருஷனுக்குக் கொண்டுவந்த சோற்றுத் தூக்கைத் தொட்டியடியில் வைத்துவிட்டுக் கையை நீட்டினாள். உள்ளங்கை முழுக்க வெடிப்பு. வெடிப்புக்குள்ளே உர உப்பு.

“இன்னும் ரெண்டே நாளு பொறு. அப்புறம் நீ அந்தக் கொட்டாப்புளியத் தொடவே வேணாம்.”

அவள் கையை இழுத்துக்கொண்டாள். அப்படியானால் நவமணி சொன்னது நிஜம்தான்!

கோலா சிலாங்கூர் சாலையில் இருந்த அந்த உரத் தொழிற்சாலையில், சாக்கில் கட்டிய பொடி உப்பு பத்தே நாளில் பாறையாக இறுகிவிடும். லீலாவதியும் இன்னும் பத்துப் பெண்களும் மரக் கொட்டாப்புளியால் அதை அடித்து உடைப்பார்கள். கொதிக்கிற கரைசலை மெல்ல மெல்ல ஆறவிட்டால் உப்பு கற்கண்டு மாதிரி பெரிசாக விளையும், இறுகவே இறுகாது என்று மேனேஜர் எங்கோ படித்துவிட்டு வந்திருந்தார். இரண்டாம் தொட்டியைச் சேதுவிடம் ஒப்படைத்தார். மணிக்கு இரண்டு டிகிரிக்கு மேல் சூடு இறங்கக் கூடாது; இறங்கினால் எல்லாம் மாவாகிவிடும். ஜெயித்தால் ஆட்களை மேய்க்கிற மண்டோர் வேலை, கூடவே கம்பெனி வீடு.

முந்தாநாள் சாக்குக் கொட்டகையில் நவமணிதான் காதைக் கடித்தாள். ஒன்றாம் தொட்டி தனபாலனின் பெண்டாட்டி அவள். “உப்பு இறுகலேன்னா ஒடைக்க நாம எதுக்குக்கா? பதினோரு பேரையும் வீட்டுக்கு அனுப்பப் போறாங்களாம். ஆபீஸ்ல பேசிக்கிட்டாங்க. ஒங்க வீட்டுக்காரர்ட்ட கேட்டுறாதீங்க, அவரு மண்டோர் ஆவற சந்தோஷத்துல இருக்காரு.”

எண்பத்தைந்தாம் வருஷம். வேலை கிடைப்பது குதிரைக்கொம்பாக இருந்த நேரம். கொட்டகையில் கூட வேலை செய்யும் வேலம்மாவுக்குப் புருஷனும் இல்லை, மூன்று பிள்ளைகள் வேறு. அத்தனை பேர் வாயில் மண்ணைப் போட்டுவிட்டு நமக்குக் கம்பெனி வீடு ஒரு கேடா என்று லீலாவதி இரண்டு நாளாகப் புழுங்கிக்கொண்டிருந்தாள்.

சேது தூக்கைத் திறக்கும்போதே தனபாலன் வந்து நின்றான். “வெளிய மரத்தடியில காத்து வருது, வா லா, ஒண்ணா சாப்பிடுவோம். தங்கச்சி இருக்குல்ல, தொட்டியப் பாத்துக்கும்.”

சேது தெர்மாமீட்டரைப் பார்த்தான். அறுபத்திரண்டு. “இந்தத் தண்ணிப் பைப்ப மட்டும் யாரையும் தொட விடாத” என்று சொல்லிவிட்டுப் போனான்.

அவன் முதுகு மறைந்ததும் அவளே தொட்டாள். ஒரு தொட்டிதானே, மேனேஜர் நாலு திட்டுத் திட்டுவார், அவருக்கும் இந்தப் பைத்தியம் தெளிந்துவிடும். முழுசாகத் திறந்துவிட்டாள். தொட்டியைச் சுற்றிய குழாயில் குளிர்ந்த தண்ணீர் குபுகுபுவென்று ஓடியது. காலடிச் சத்தம் கேட்டதும் மூடினாள்.

ஐம்பது டிகிரி. சேது தலையில் கை வைத்துக்கொண்டான்.

“யாரும் வரலீங்களே” என்றாள்.

“அப்ப நாந்தான் பைப்ப சரியா மூடல.”

மறுநாள் பார்த்தால் கற்கண்டாவது, கல்லாவது! தொட்டி அத்தனையும் மாவு. மேனேஜர் திட்டவில்லை. நின்ற இடத்திலேயே சேதுவின் சீட்டைக் கிழித்துவிட்டார். “என் தப்புதான் சார்” என்று அவன் தலைகுனிந்தான். பதினோரு வீட்டில் அடுப்பு எரியுமே என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

இரண்டாம் தொட்டி தனபாலன் கைக்குப் போனது.

அடுத்த வாரம், சேது தஞ்சோங் காராங்கில் நெல் மில் நெல் மில்லாக வேலை கேட்டு அலைந்துகொண்டிருந்த அன்று, மேனேஜர் கை நிறைய உப்புக் கல்லோடு கொட்டகைக்கு வந்தார். ஒவ்வொன்றும் சுண்டைக்காய் அளவு. பின்னால், மண்டோர் தனபாலன்.

“எல்லாரும் கொட்டாப்புளியக் கீழ போடுங்க!” என்றார் மேனேஜர்.

லீலாவதி பக்கத்தில் நின்ற வேலம்மாவின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“இது முன்னயே முடிவு பண்ணதுதான். கல்லு நல்லா வந்தா ஆர்டர் கூடும்னு தெரியும். நாளைலேர்ந்து பதினோரு பேரும் சாக்கு தைக்கிற எடத்துக்குப் போங்க. சம்பளம் நாளுக்கு ஒரு வெள்ளி கூட.”

பெண்கள் கைதட்டினார்கள். வேலம்மா அழுதே விட்டாள்.

லீலாவதி நவமணியிடம் போனாள். “நீதானேடி சொன்ன, எல்லாருக்கும் வேல போயிரும்னு?”

கம்பெனி வீட்டுச் சாவியைக் கைலி மடிப்பில் செருகிக்கொண்டே நவமணி சிரித்தாள்.

“ஐயோ, அப்படி யாருக்கா சொன்னது?”