இன்னும் நாற்பது கிலோமீட்டர்

ரியாத்திலிருந்து திருச்சிக்கு மூவாயிரத்து எழுநூறு கிலோமீட்டர், ஐந்து மணி நேரம் என்றது முன் இருக்கையின் முதுகில் இருந்த திரை. லீவுக்கு வரும்போதெல்லாம் அந்த எண் நகரவே மாட்டேனென்கிறது என்று வைதவன்தான் இருளாண்டி. இன்றைக்கு அது ஓடி ஓடிக் குறைந்தது. அவன் காலுக்குக் கீழே, சாமான் ஏற்றும் அறையில், சாரத்திலிருந்து விழுந்து செத்த காளிராசு பெட்டிக்குள் கிடந்தான். பெட்டி வந்து சேரும்வரை அவன் ஆத்தாவுக்குச் சொல்லவேண்டாம் என்று ஊரில் பேசி வைத்திருந்தார்கள். மேலுக்கு முடியவில்லை, கூட்டி வருகிறேன் என்று இருளாண்டிதான் போனில் சொன்னான்.

"எம்புட்டு நேரம்ப்பா ஆகும்?"

"அஞ்சு மணி நேரம் சின்னம்மா."

"அம்புட்டு நேரமும் வாய் தொறந்து ஒண்ணும் கேக்க மாட்டானே. நீயாச்சும் வாங்கிக் குடு. ஒம் பக்கத்துலதான ஒக்காருவான்?"

"ஆமா சின்னம்மா."

அவள் யார் சொல்லியும் கேளாமல் பிளாஸ்க்கில் கஞ்சியோடு ஏர்போர்ட்டுக்கு வேன் ஏறிவிட்டாள் என்ற செய்தி, விமானம் கிளம்பும் நேரத்தில்தான் வந்தது.

திரையில் நாற்பது கிலோமீட்டர் என்று வந்தது. பிறகு நாற்பது ஐம்பதானது, அறுபதானது. கீழே பலத்த மழையாம், இறங்க முடியாமல் சுற்றுகிறோம் என்று அறிவித்தார்கள்.

"இன்னும் எம்புட்டு நேரந்தான் சுத்துவாய்ங்களோ" என்று பக்கத்து இருக்கைக்காரர் சலித்துக்கொண்டார்.

"சுத்தட்டும்ணே" என்றான் இருளாண்டி.